கழியும் காயலும் குடாவும்

கடல் நிலத்தை நோக்கி எங்கும் ஒரே வகையாக வருவதில்லை. ஓரிடத்தில் கரையைக் குடைந்து வில்லைப்போல வளைந்து நிற்கின்றது. மற்றோரிடத்தில் ஆற்றின் வாய்வழியே உள்ளே புகுந்து, ஓதம் ஏறும்போது ஏறியும் இறங்கும்போது இறங்கியும் சேற்றையும் உப்பையும் விட்டுச் செல்கின்றது. பிறிதோரிடத்தில் ஒரு மணல் திட்டு குறுக்கே விழுந்து, கடல்நீரின் ஒரு பகுதியை ஏரிபோலத் தேக்கி வைக்கின்றது. இம்மூன்றும் வேறு வேறு. இவற்றுக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்களும் வேறு வேறு. ஆயினும் நம் வகுப்பறைகளில் இவை யாவும் 'விரிகுடா' அல்லது 'வளைகுடா' என்னும் இரண்டு சொற்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. இஃது எத்தகைய இழப்பு என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். 1996ஆம் ஆண்டு, பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த சில காலத்திற்குள், பேராக் மாநிலத்துக் கரையோரத் தோட்டப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழ் கற்பித்து வந்தேன். 'என் தோட்டம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னபோது, ஒரு சிறுமி, "எங்கள் தோட்டத்தின் கடைசியில் ஒரு கழி இருக்கிறது. அதில் தண்ணீர் ஏறும், இறங்கும்" என்று எழுதியிருந்தாள். கழி என்றால் தடி என்பதே அன்று எனக்குத் தெரிந்த பொருள். அவ்விடத்தின் மலாய்ப் பெயர் 'தெலுக்' என்று தொடங்கியதால், சுவரில் தொங்கிய நிலப்படத்தை நினைந்து, சிவப்பு மையால் அச்சொல்லை அடித்து 'விரிகுடா' என்று மேலே எழுதினேன். மறுநாள் அச்சிறுமியை அழைத்துச்செல்ல வந்த பாட்டி, வேதாரணியத்துப் பக்கத்திலிருந்து சிறு வயதில் இந்நாட்டுக்கு வந்தவர், "ஐயா, எங்க ஊருல அதைக் கழின்னுதான் சொல்லுவோம்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "அது பேச்சு வழக்கு, பாட்டி" என்று விடையளித்தேன்.

பேச்சு வழக்கு அன்று அது. ஈராயிரம் ஆண்டு இலக்கிய வழக்கு.

நெய்தலின் கழி

சங்க இலக்கியத்தில் நெய்தல் திணைப் பாடல்களைப் படிப்பவர்கள் கழி என்னும் சொல்லைத் தாண்டிச் செல்ல இயலாது. ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் நூறும், அகநானூற்றில் 10, 20, 30 எனப் பத்தின் மடங்காக எண்ணிடப்பெற்ற நெய்தல் பாடல்கள் நாற்பதும், கலித்தொகையின் நெய்தற் கலியும் ஆகிய இவற்றிலெல்லாம் கழி வருகின்றது. அத்திணைக்குப் பெயர் தந்த நெய்தல் மலர் பூப்பதும் கழியிலேதான். கரையில் தாழையும் புன்னையும் ஞாழலும் நிற்கும். நீரோரச் சேற்றில் கண்டல் வேரூன்றி நிற்கும். பரதவர் படகு கழிவழியே கடலுக்குச் செல்லும். கழி ஓரத்துப் பாத்திகளில் உப்பு விளையும். உமணர் அதனை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு செல்வர்.

கழி அழகான இடம் மட்டுமன்று, அஞ்சத்தக்க இடமுமாகும். இரவில் தலைவியைக் காண வரும் தலைவனைத் தோழி தடுக்கின்றாள். கழியில் முதலை உண்டு, சுறா உண்டு, ஓதம் ஏறிவிட்டால் வழி தெரியாது என்பன அவள் கூறும் காரணங்கள். பேராக் கரையோரத்துக் கண்டற் காடுகளை அறிந்தவர்க்கு இந்த அச்சம் புதியதன்று. அங்கும் உப்புநீர் முதலை உண்டு. அந்தப் பாட்டியும் பேத்தியிடம் கழிப் பக்கம் போகாதே என்று கூறியிருப்பார். அவ்வாறு கூறும்போதுதான் அச்சொல் அச்சிறுமியின் நாவிற்கு ஏறியிருக்கும்.

ஆகவே கழி என்பது யாது? ஓதத்தால் ஏறி இறங்கும் உப்புநீர், நிலத்திற்குள் நீண்டு கிடக்கும் வாய்க்கால் போன்ற நீர்நிலை. இதனை உப்பங்கழி என்றும் கூறுவர். சோழநாட்டுக் கடற்கரையில் உப்பனாறு என்று பெயர் பெற்ற நீரோட்டங்களும் இத்தகையனவே. கடலூரில் ஓடும் உப்பனாறு பலரும் அறிந்தது. கழி கடலொடு கலக்கும் வாய் கழிமுகம் எனப்படும். ஆற்றின் வாய்க்கோ புகார், கயவாய், அழிவி முதலிய பெயர்களை நிகண்டுகளிலும் அகராதிகளிலும் காணலாம். காவிரி கடலில் புகும் இடத்தில் இருந்த பட்டினத்திற்குப் புகார் என்று பெயர் வழங்கியதும், சிலப்பதிகாரத்தின் முதற் காண்டம் புகார்க் காண்டம் எனப் பெயர் பெற்றதும் நாம் அறிந்தனவே. பிற்காலத்தில் முகத்துவாரம் என்னும் வடசொல் பெருவழக்காயிற்று. கொழும்பு நகரில் களனி ஆறு கடலொடு கலக்கும் பகுதியைத் தமிழர் இன்றும் முகத்துவாரம் என்றே அழைக்கின்றனர்.

ஊர்கள் நகர்ந்த கதை

காயல் என்னும் சொல் நமக்கு ஒரு வரலாற்றையே எடுத்துச் சொல்கின்றது. கடலை அடுத்துத் தேங்கி நிற்கும் உப்புநீர்ப் பரப்பே காயல். மலையாள நாட்டில் இன்றும் இச்சொல் உயிருடன் உள்ளது. வேம்பநாட்டுக் காயலும் அட்டமுடிக் காயலும் அங்குப் புகழ்பெற்றவை. தமிழ்நாட்டிலோ அச்சொல் பெரும்பாலும் ஊர்ப் பெயர்களில் தங்கிவிட்டது. தாமிரபரணி கடலில் கலக்கும் பகுதியில் பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் உள்ளன.

அவ்வாற்றின் முகத்தில் முதலில் சிறந்திருந்தது கொற்கை. பாண்டியர் முத்துக்குப் பெயர் பெற்ற துறைமுகம் அது. கிரேக்க நூலாகிய பெரிப்புளூசும் அதனைக் குறிப்பிடுகின்றது. ஆனால் ஆறு ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது, கடல் பின்வாங்கியது. இன்று கொற்கை கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராக இருக்கின்றது. கொற்கை தூர்ந்தபின் கடலுக்கு அண்மையில் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று குறித்த பெருந்துறைமுகம் இதுவே எனக் கால்டுவெல் கருதினார். அரபு நாட்டுக் குதிரைகள் பாண்டியனுக்காக அங்கே வந்து இறங்கின. பின்னர் அதுவும் தூர்ந்து 'பழைய' காயல் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் முத்துக்குளித் துறையில் காலூன்றியபோது, ஆற்றின் வாயில் இருந்த புன்னைக்காயலே அவர்களுக்கு முதன்மையான இடமாயிற்று. தமிழில் அச்சு நூல்களை வெளியிட்ட அண்டிரிக் அடிகளார் பல்லாண்டு வாழ்ந்து பணியாற்றியதும் அங்கேதான்.

ஓர் ஆறு தன் வாயை நகர்த்த நகர்த்த, ஒரு துறைமுகமும் பின்னாலேயே நகர்ந்து சென்ற வரலாறு இது. காயல் என்னும் சொல்லின் பொருளை அறியாத மாணவனுக்கு அம்மூன்றும் வெறும் ஊர்ப் பெயர்கள். பொருளை அறிந்தவனுக்கோ, நீர் எங்கே தேங்கியது, மண் எங்கே மூடியது என்பதை அப்பெயர்களே காட்டிவிடும்.

ஒரே நீர், பல பெயர்

மணல் திட்டினால் கடலிலிருந்து பிரிந்து நிற்கும் உப்புநீர்ப் பரப்புக்குத் தமிழர் வாழும் இடந்தோறும் பெயர் மாறுவது வியப்பிற்குரியது. தெற்கே காயல் என்றோம். சென்னைக்கு வடக்கே, 1613இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டிய பழவேற்காட்டில், அதனை ஏரி என்றே அழைக்கின்றனர். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பாகிய அதற்கு, நன்னீர்ப் பாசனக் குளத்திற்கு வழங்கும் ஏரி என்னும் பெயரே போதுமானதாக இருந்தது.

இலங்கையில் இதற்குக் களப்பு என்னும் அருமையான சொல் உண்டு. புத்தளம் களப்பு, நீர்கொழும்புக் களப்பு என்று அந்நாட்டுத் தமிழ் நூல்கள் எழுதுகின்றன. மட்டக்களப்பு என்னும் நகரின் பெயரிலேயே அச்சொல் அமைந்திருக்கின்றது. அங்குள்ள மக்களோ தங்கள் நீர்ப்பரப்பை மட்டக்களப்பு வாவி என்றும் வழங்குகின்றனர். யாழ்ப்பாணத்தார் கடனீரேரி என்பர். முல்லைத்தீவில் அதே வகை நீர்ப்பரப்பிற்கு நந்திக்கடல் என்று பெயர். ஏரி, காயல், களப்பு, வாவி, கடனீரேரி, கடல் என்று ஒரு பொருளுக்கு ஆறு பெயர்கள்! இவற்றுள் எது சரி, எது பிழை என்று வழக்காடுவது வீண். ஒவ்வொன்றும் அவ்வவ்விடத்து மக்கள் தங்கள் நீரைப் பார்த்து இட்ட பெயர். பொதுச்சொல் ஒன்று வேண்டுமாயின் காயல் அல்லது களப்பு என்பதைக் கொள்ளலாம். 'லகூன்' என்று எழுதிவிட்டு அமைதி அடைய வேண்டியதில்லை.

விரிவதும் வளைவதும்

இனிக் குடாவுக்கு வருவோம். குடா என்பது வளைவைக் குறிக்கும் சொல். அது புலவர் படைப்பு மட்டுமன்று. மீனவர் வாயிலும் வழங்கும் சொல்லாகும். மட்டக்களப்பு மாவட்டத்தில் பாசிக்குடா, கல்குடா என்னும் இரண்டு அழகிய கடற்கரைகள் அடுத்தடுத்து உள்ளன. திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடா உள்ளது. பல குடாக்களால் சூழப்பெற்ற நிலம் என்பதால் யாழ்ப்பாணம் குடாநாடு எனப்பட்டது. நாம் தீபகற்பம் என்பதை அவர்கள் குடாநாடு என்பது இதனாலேயே.

இங்கே மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். பழைய பாடல்களில் குணகடல், குடகடல் என்னும் தொடர்கள் வரும். அங்கே குண என்பது கிழக்கு; குட என்பது மேற்கு. குடகடல் என்றால் மேலைக்கடல், குடாக்கடல் அன்று. ஒரு நெடிலால் பொருள் திசை மாறிவிடும்.

நிலப்படங்களில் நாம் காணும் விரிகுடா, வளைகுடா என்னும் இரண்டும் இக்குடாவின்மேல் கட்டப்பட்டவை. அகன்று விரிந்தது விரிகுடா. நிலத்தால் சூழப்பட்டு வளைந்தது வளைகுடா. பெயர் அமைப்பில் குறையொன்றும் இல்லை. குறை, அவற்றை நாம் வழங்கும் முறையில் உள்ளது. ஆங்கிலத்தில் 'பே' என்று இருந்தால் விரிகுடா என்றும், 'கல்ப்' என்று இருந்தால் வளைகுடா என்றும் கண்ணை மூடிக்கொண்டு பெயர்த்துவிட்டோம். நீரைப் பார்க்கவில்லை, ஆங்கிலப் பெயரைத்தான் பார்த்தோம்.

இதற்கு நம் கண்முன்னேயே சான்று உண்டு. இராமேசுவரத்திற்கு வடக்கே உள்ள கடல், பாக் விரிகுடா. 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த இராபர்ட்டு பாக் என்பாரின் பெயரால் வழங்குவது. இது ஆழமற்ற கடல். தெற்கே இராமர் பாலம் என்றும் ஆதம் பாலம் என்றும் கூறப்படும் மணல் திட்டுகளும், மேற்கே தமிழகமும், கிழக்கே இலங்கையும் இதனைச் சூழ்ந்திருக்கின்றன. வடகிழக்கே பாக் நீரிணை என்னும் வாயில் மட்டும் உண்டு. அத்திட்டுகளுக்குத் தெற்கே உள்ளது மன்னார் வளைகுடா. அதுவோ தென்புறம் இந்தியப் பெருங்கடலை நோக்கி அகலத் திறந்து கிடக்கின்றது, ஆழமும் மிகுந்தது. சூழப்பட்டு வளைந்தது 'விரி'குடாவாகவும், அகன்று விரிந்தது 'வளை'குடாவாகவும் நிற்கும் விந்தையைப் பாருங்கள்!

அளவைக் கொண்டு வேறுபாடு கூறலாமோ எனின், அதுவும் ஆகாது. வங்காள விரிகுடா 20 இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. ஹட்சன் விரிகுடா ஏறத்தாழ 12 இலட்சம். பாரசீக வளைகுடாவோ ஏறத்தாழ இரண்டரை இலட்சமே. ஆயினும் மெக்சிக்கோ வளைகுடா 15 இலட்சத்தை ஒட்டி, ஹட்சனைவிடப் பெரிதாக இருக்கின்றது. ஆகவே 'பெரியது விரிகுடா, சிறியது வளைகுடா' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொடுக்கும் விதி நில்லாது. அதனை மறித்துக் கூறினும் நில்லாது. இவை மரபால் நிலைத்த பெயர்கள் என்று கூறுவதே நேர்மையான விடை.

நாட்டுக்கு நாடு கடல் எல்லை வகுப்போர் இந்தக் குழப்பத்தைப் பெயரால் தீர்க்க முயலவில்லை. 1958ஆம் ஆண்டு செனீவா உடன்படிக்கையும், 1982ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட உடன்படிக்கையும் அளவுகோல் ஒன்றை வகுத்தன. கடல் உள்வாங்கிய வாயின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும். அக்கோட்டை விட்டமாகக் கொண்ட அரைவட்டத்தின் பரப்பைவிட உள்ளே உள்ள நீர்ப்பரப்பு குறையாமல் இருந்தால்தான் அது குடா. இல்லாவிடில் அது கரையின் வெறும் வளைவே. ஒரே நாட்டின் கரைகளுக்குள் அமைந்த குடாவின் வாய் 24 கடல் மைலுக்கு மேற்படாதிருந்தால், அக்கோட்டுக்கு உட்பட்ட நீர் அந்நாட்டின் உள்நாட்டு நீராகும். நீண்ட காலமாக ஒரு நாட்டின் உரிமையில் இருந்துவந்த 'வரலாற்றுக் குடா'க்களுக்கு இவ்விதி பொருந்தாது. இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்துகொண்ட உடன்படிக்கை, பாக் விரிகுடாப் பகுதியை வரலாற்று நீர்ப்பரப்பு என்றே குறித்தது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976இல் தனி உடன்படிக்கை செய்தனர். ஒரு நீர்ப்பரப்பை எவ்வாறு வகைப்படுத்துகின்றோம் என்பது மீனவரின் வலை எந்த நீரில் விழலாம் என்பதுவரை செல்லும் செய்தி என்பதை இதனால் அறியலாம்.

தெலுக்கும் குவாலாவும்

நாம் வாழும் இந்நாட்டில் இப்பெயர்கள் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன. தெலுக், குவாலா, தஞ்சோங் என்னும் மூன்று மலாய்ச் சொற்களை அறியாத மாணவர் இலர். அவற்றை முறையே விரிகுடா, கழிமுகம், முனை என்று மனப்பாடம் செய்விக்கின்றோம். ஆனால் இவ்விணைகள் முழுவதும் பொருந்துவன அல்ல.

தெலுக் இந்தானைப் பாருங்கள். 1982ஆம் ஆண்டுவரை தெலுக் ஆன்சன் என்று நம் பெற்றோர் வாயில் வழங்கிய ஊர் அது. கடற்கரையில் அன்று, பேராக் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அமைந்துள்ளது. ஆற்றின் வளைவும் மலாய்மொழியில் தெலுக்தான். அதுபோலவே தஞ்சோங் மாலிமும் தஞ்சோங் ரம்புத்தானும் கடலைக் காணாத ஊர்கள். ஆகவே தெலுக்கின் உட்பொருள் வளைவு. நம் குடாவின் உட்பொருளும் வளைவே. விரியையும் வளையையும் நீக்கிவிட்டுக் குடா என்று மட்டும் கூறினால் தெலுக்குக்கு அது மிக நெருங்கிய சொல்லாகும்.

குவாலா என்பது ஆறு தன்னைவிடப் பெரிய நீரொடு கலக்கும் இடம். அப்பெரிய நீர் கடலாக இருக்கலாம்; குவாலா திரங்கானுவும் குவாலா சிலாங்கூரும் அத்தகையன. மற்றோர் ஆறாகவும் இருக்கலாம். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றொடு கலக்கும் இடமே கோலாலம்பூர். அதனைக் கழிமுகம் என்று பெயர்ப்பது பிழை. அங்கே கடலும் இல்லை, கழியும் இல்லை. ஆறும் ஆறும் கலப்பதற்குத் தமிழில் கூடல் என்றும், கூடுதுறை என்றும் பெயர் உண்டு. காவிரியும் பவானியும் கலக்கும் இடத்தைப் பவானி கூடுதுறை என்று இன்றும் கூறுகின்றனர். எனவே கோலாலம்பூர் சேற்றுக் கூடல் என்க.

தெலுக்குக்கும் குவாலாவுக்கும் தமிழ் வேர் தேடும் ஆசை சிலர்க்கு எழலாம். அது வேண்டா. கப்பல் என்னும் நம் சொல் மலாயில் காப்பால் என்று வழங்குகின்றது. குளம் கோலாம் ஆயிற்று. அவை நாம் தந்தவை. தங்கள் கடற்கரையின் வளைவுக்கும் ஆற்றின் வாய்க்கும் மலாய்க்காரர் பிறரிடம் சொல் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. கடலோடு வாழும் மக்களிடம் கடற்கரைச் சொற்கள் நிறைந்திருக்கும். நம்மிடமும் ஒருகாலத்தில் அவ்வாறு நிறைந்திருந்தன.

சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெரு உள்ளது. ஆயர் என்பது அங்கே மாடு மேய்ப்பவரைக் குறிப்பதன்று. மலாய்மொழியில் நீர் என்று பொருள். ஒருகாலத்தில் அத்தெருவே கடலோரம். தென்னிந்தியாவிலிருந்து சென்ற சூலியா முசுலிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே நாகூர் தர்காவைக் கட்டியபோது, எதிரே அலை வந்து மோதியது. 1879இல் தொடங்கிய கடல் தூர்ப்புப் பணியால் அக்குடா நிலமாயிற்று. இன்று தர்காவின் எதிரே நின்றால் உயர்ந்த கட்டடங்களையே காணலாம். கடல் போய்விட்டது; தெலோக் என்னும் பெயர் மட்டும் நின்று, இங்கே கடல் இருந்தது என்று கூறிக்கொண்டிருக்கின்றது. கொற்கையில் ஆறு செய்ததை இங்கே மனிதன் செய்தான். இரண்டிடத்தும் சான்றாக நிற்பது சொல்லே.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

கூறியவற்றைத் தொகுத்துரைப்பின்: ஓதம் ஏறி இறங்கும் உப்புநீர் வாய்க்கால், கழி. அது கடலொடு சேரும் வாய், கழிமுகம். ஆறு கடலில் கலக்கும் இடம், புகார் அல்லது முகத்துவாரம். ஆறும் ஆறும் கலப்பது, கூடல். திட்டுக்குள் தேங்கிய கடல்நீர், காயல் அல்லது களப்பு. கரையின் வளைவில் நிற்கும் கடல், குடா. விரிகுடா, வளைகுடா என்பன பெருங்கடற் பகுதிகளுக்கு மரபாய் அமைந்த பெயர்கள். அவற்றை அங்கேயே நிறுத்திக்கொள்வோம். இவ்வளவையும் ஒரு பாடவேளையில், கரும்பலகையில் ஓர் ஆறும் ஒரு கரையும் வரைந்து கற்பித்துவிடலாம்.

நெய்தற் பாடல்களை நான் முறையாகப் படித்தது அச்சிறுமியின் கட்டுரையைத் திருத்திய பல ஆண்டுகளுக்குப் பின்னர், மேற்படிப்புத் தேர்வு ஒன்றிற்காக. முதலை உள்ள கழியைக் கடந்து வரவேண்டா என்று தோழி கூறும் இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அதற்குள் அந்தப் பாட்டி காலமாகிவிட்டார். தோட்டத்து மக்களும் நகரங்களுக்குப் பிரிந்து சென்றுவிட்டனர். அச்சிறுமி இன்று எங்கே இருக்கின்றாள் என்பதை நான் அறியேன். அவள் பிள்ளைகளுக்குக் கழி என்னும் சொல்லைக் கற்பித்திருப்பாளோ, அல்லது ஆசிரியர் பிழை என்று அடித்த சொல் என்று விட்டுவிட்டிருப்பாளோ, அதுவும் தெரியவில்லை. விட்டுவிட்டிருந்தால், வேதாரணியத்திலிருந்து கடல் கடந்து வந்து ஒரு குடும்பத்தில் பிழைத்திருந்த சொல்லை அழித்தது என் சிவப்பு மைதான்.

ஆசிரிய நண்பர்களே, மாணவன் எழுதிய சொல் நமக்குப் புதியதாகத் தோன்றினால், அதனை அடிக்கும் முன் அவனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இச்சொல்லை உனக்கு யார் சொன்னார்கள்?" பாட்டி என்று விடை வந்தால், எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அகராதியை எடுங்கள்.